மேஜை மேல் ஒரு மீட்டர்கேஜ் ஸ்டேஷன்: மாடல் ரயில்வே பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு ஹாலில் சுவரோரம் ஐந்தடி நீளத்துக்கு ஒரு பலகை இருக்கிறது. அதன் மேல் ஒரு சின்ன மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) ஸ்டேஷன், மூன்று லைன், ஒரு கூட்ஸ் ஷெட், நான்கு தென்னை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். புதிதாக இதில் இறங்க நினைக்கிறவர்களும் அதையே கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பொம்மை ரயிலுக்கும் மாடல் ரயிலுக்கும் என்ன வித்தியாசம்?

அளவுதான் முதல் வித்தியாசம். மாடலில் எல்லாம் ஒரே விகிதத்தில் சிறிதாக வேண்டும். என்ஜின், பெட்டி, படிக்கட்டு, ஸ்டேஷன் மாஸ்டர் அறைக் கதவு, பக்கத்தில் நிற்கிற வேப்பமரம் வரைக்கும் அந்த விகிதம் மாறக் கூடாது.

இரண்டாவது வேகம். பொம்மை ரயில் விர்ரென்று சுற்றும். 1:87 விகிதத்தில், அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு அளவில், மணிக்கு 40 கி.மீ. வேகம் என்றால், மாடல் ஒரு நொடிக்கு 13 செ.மீ. கூட நகராது. ஒரு மீட்டர் தூரம் கடக்க ஏறக்குறைய 8 நொடி. கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒருமுறை அப்படி ஓட்டிப் பாருங்கள். கூட்ஸ் வண்டி ஊருக்குள் நுழைவது போலவே இருக்கும்.

எச்.ஓ., ஓ.ஓ., 'என்' (N) என்று மாடல் அளவுகளைச் சொல்கிறார்களே, எதை எடுப்பது?

எச்.ஓ. என்பது 1:87, தண்டவாள அகலம் 16.5 மி.மீ. 'ஓ' என்ற பழைய பெரிய அளவில் பாதி என்பதால் அந்தப் பெயர். ஓ.ஓ. பெரும்பாலும் பிரிட்டனில் புழங்குவது. தண்டவாளம் அதே 16.5 மி.மீ.தான், வண்டி மட்டும் 1:76 என்று கொஞ்சம் பெரிது. 'என்' ஸ்கேல் 1:160, தண்டவாளம் 9 மி.மீ. தோட்டத்தில் ஓட்டுகிற ஜி ஸ்கேலுக்கு 45 மி.மீ. தண்டவாளம்.

முதல்முறை என்றால் எச்.ஓ. எடுங்கள். கையில் பிடித்து வேலை செய்ய வசதியான அளவு, உதிரிபாகமும் அதிகம் கிடைக்கும். நீளமான எக்ஸ்பிரஸ் வண்டி வேண்டும், இடம் குறைவு என்றால் மட்டும் 'என்' ஸ்கேலை யோசிக்கலாம்.

நம்ம ஊர் பிராட்கேஜுக்கு எச்.ஓ. தண்டவாளம் சரியாக வருமா?

வராது. உலகத்தில் பெரும்பாலான மாடல்கள் 1,435 மி.மீ. அகலமுள்ள ஸ்டாண்டர்ட் கேஜை வைத்துச் செய்யப்படுகின்றன. நம்முடையது 1,676 மி.மீ., அதாவது ஐந்தரை அடி. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வரும். 16.5 மி.மீ. தண்டவாளத்தில் நம் பெட்டியை நிறுத்தினால், முன்னாலிருந்து பார்க்கும்போது கால் ஒடுங்கின ஆள் மாதிரி தெரியும். ஆனாலும் பெரும்பாலானவர்கள் அந்தச் சமரசத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். பக்கவாட்டில் பார்த்தால் அது தெரிவதில்லை.

கணக்குப் பிரியர்களுக்கு ஒரு விஷயம். பிரிட்டனில் ஓர் அடிக்கு 3 மி.மீ. என்றொரு பழைய அளவு உண்டு. ஐந்தரையை மூன்றால் பெருக்கினால் சரியாக 16.5! கடையில் வாங்கும் அதே தண்டவாளம் நம் பிராட்கேஜுக்குத் துல்லியமாகப் பொருந்திவிடுகிறது. அந்த அளவில் நம் வண்டிகளை நாமேதான் செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். கை வேலையில் நம்பிக்கை உள்ளவர்களுக்கு இதை மனதாரச் சிபாரிசு செய்வேன்.

மீட்டர்கேஜ்காரர்களுக்கு அதிர்ஷ்டம் வேறு திசையிலிருந்து வந்தது. 1,000 மி.மீ.யை 87-ஆல் வகுத்தால் 11.5. ஸ்விட்சர்லாந்தின் மலை ரயில்கள் பலவும் மீட்டர்கேஜ் என்பதால், அவற்றுக்காக எச்.ஓ.எம். என்ற 12 மி.மீ. தண்டவாளம் தயாராகிறது. பீமோ, பீக்கோ என்ற இரண்டு நிறுவனங்களும் அதைச் செய்கின்றன. மிச்சம் அரை மி.மீ. யார் கண்ணுக்கும் தெரியாது. பாதைகளை பிராட்கேஜாக மாற்ற 1992-இல் தொடங்கிய யூனிகேஜ் திட்டத்தில் நம் ஊர் மீட்டர்கேஜ் பாதைகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. அவற்றைத் திரும்பப் போடுவதற்கான தண்டவாளம் ஆல்ப்ஸ் மலையின் தயவில் கிடைக்கிறது.

இந்திய என்ஜினும் பெட்டியும் ரெடிமேடாகக் கிடைக்காதா?

அமெரிக்க, ஜெர்மன், பிரிட்டிஷ் வண்டிகளுக்கு இருக்கிற தேர்வு நமக்கு இல்லை. அதனால் ஒரு நல்ல சேசிஸை (மோட்டாரும் சக்கரமும் உள்ள அடிப்பாகம்) வாங்கி, மேலே உடலை நாமே கட்டுவதுதான் நடைமுறை. டபிள்யூ.டி.எம்.2, ஒய்.டி.எம்.4 என்ற நம் டீசல் என்ஜின்கள் இரண்டுமே அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்து வடிவமைப்பு என்பதால் ஆல்கோ மாடல்களின் பாகங்கள் பல இடத்தில் கைகொடுக்கும். ரெசின் முறையில் 3டி பிரின்ட் எடுத்துத் தருபவர்கள் இப்போது பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் வரையத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் ஒரு பெட்டி செய்து பாருங்கள், என்ஜின் அப்புறம். பெரம்பூர் ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) பெட்டி நிஜத்தில் 21.3 மீட்டர் நீளம், 3.245 மீட்டர் அகலம். எச்.ஓ.வில் 245 மி.மீ.க்கு 37 மி.மீ. விளம்பரப் பலகைக் கடையில் கிடைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் ஷீட், ஸ்டீல் ஸ்கேல், புது பிளேடு போதும். ஜன்னல்களை வெட்டும்போது ஒரே அழுத்தில் வெட்டப் பார்க்காதீர்கள். லேசாக ஐந்தாறு முறை இழுங்கள். மூலை பிசிறில்லாமல் வரும். ஜன்னல் கம்பியை மறந்துவிடாதீர்கள். அது இல்லாத பெட்டி வெளிநாட்டுப் பெட்டி போல் ஆகிவிடும்.

அளவெடுக்க பெரம்பூர் பக்கத்தில் இருக்கும் ரயில் அருங்காட்சியகமும் திருச்சியில் உள்ளதும் நல்ல இடங்கள். பழைய வண்டிகளின் பக்கத்திலேயே நின்று பார்க்கலாம்.

வீட்டில் இடமே இல்லை. என்ன செய்வது?

நிறையப் பேர் இந்தக் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். எட்டுக்கு நாலு பிளைவுட், இரட்டை வட்டம், மலை, குகை என்று கனவு காண்பதுதான் காரணம். வட்டம் போட்டால் வண்டி சுற்றிக்கொண்டே இருக்கும், இரண்டாவது வாரம் சலித்துவிடும். ஷண்டிங் (வேகன்களை இடம் மாற்றிக் கோப்பது) செய்கிற லேஅவுட் சலிக்காது.

பிரிட்டனின் ஆலன் ரைட் என்பவர் அமைத்த 'இங்கிள்நூக்' என்ற பிளான் இதற்கு உத்தமம். இரண்டே பாயிண்ட் (பாதை கிளை பிரியும் இடம்), மூன்று சைடிங் (வேகன் நிற்கும் கிளைப்பாதை). ஒன்றில் ஐந்து வேகன் நிற்கும், மற்ற இரண்டிலும் மும்மூன்று. முன்பக்கத்து ஷண்டிங் நெக்கில் (முன்னும் பின்னும் போய்வரும் துண்டுப் பாதை) என்ஜினும் மூன்று வேகனும்தான் கொள்ளும். மொத்தம் எட்டு வேகன். சீட்டுக் குலுக்கி ஐந்தை எடுத்து, வந்த வரிசையிலேயே அவற்றைக் கோத்து நிறுத்த வேண்டும். எட்டிலிருந்து ஐந்தை வரிசையாக எடுக்க 6,720 வழி இருக்கிறது. தினம் ஒன்று போட்டால் பதினெட்டு வருடம் ஓடும். குட்டையான நாலுசக்கர வேகன் என்றால் ஐந்தடிப் பலகையில் எல்லாம் அடங்கிவிடும். என் ஹாலில் இருப்பதும் இந்தப் பிளான்தான், மேலே நம்ம ஊர் ஸ்டேஷன் உடுத்திக்கொண்டிருக்கிறது.

வளைவும் ஏற்றமும் எவ்வளவு வைக்கலாம்?

ஐ.சி.எஃப். பெட்டி ஓட வேண்டுமானால் வளைவின் ஆரம் 60 செ.மீ.க்குக் குறையக் கூடாது. 75-க்கு மேல் என்றால் பார்க்கவும் நன்றாக இருக்கும். குறுகிய வளைவில் நீளப் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கம் தள்ளி, பிளாட்பாரத்தில் இடிக்கும். ஏற்றம் 50-க்கு 1 (50 செ.மீ. ஓடி 1 செ.மீ. ஏறுவது) வரை வசதி. ஒரு லைன் மேல் இன்னொரு லைன் தாண்டிப் போக எச்.ஓ.வில் 7 அல்லது 8 செ.மீ. உயரம் வேண்டும். அதற்கே நான்கு மீட்டர் ஓட வேண்டியிருக்கும். பாலம் கனவு காண்கிறவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுவிடுவது நல்லது.

நீலகிரி மலை ரயிலை மாடலாகச் செய்ய முடியுமா?

முடியும். மலை ஏற்றம் இடத்தைச் சாப்பிடும் என்றேன் அல்லவா, நீலகிரியில் அந்தக் கணக்கே தலைகீழாகிவிடுகிறது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12-க்கு 1 ஏற்றம். 1.2 மீட்டர் நீளத்தில் 10 செ.மீ. ஏறிவிடலாம். ஒரு புத்தக அலமாரி அகலத்தில் ஒரு பாலம், ஒரு குகை, ஒரு பாறைச் சரிவு என்று மலையே வந்துவிடும்.

சாதாரண என்ஜின் அந்த ஏற்றத்தில் வழுக்கும். நிஜத்தில் நடுவில் பல்தண்டவாளம் இருப்பது போல மாடலிலும் போட வேண்டும். நீலகிரியில் இருப்பது ஆப்ட் முறை. இரண்டு பல்பட்டைகள் பக்கம் பக்கமாக, ஒன்றின் பல் மற்றதன் இடைவெளிக்கு நேராக இருக்கும். ஸ்விஸ் ரயில்களுக்கென வரும் எச்.ஓ.எம். பல்தண்டவாளத்தை அப்படியே பயன்படுத்தலாம்.

நீலகிரியின் எக்ஸ் வகுப்பு நீராவி என்ஜினைச் செய்கிறவர்கள் பக்கவாட்டை ஊன்றிப் பாருங்கள். ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் தொழிற்சாலையில் பிறந்த என்ஜின் அது. ஒவ்வொரு பக்கமும் சிலிண்டர் இரண்டு, ஒன்றின் மேல் ஒன்று. கீழுள்ளது சக்கரத்தை ஓட்டுகிறது. மேலுள்ளது பல்சக்கரத்தை ஓட்டுகிறது. கீழே வேலை முடித்து வரும் நீராவியை மேலே திரும்பவும் பயன்படுத்திக்கொள்கிற ஏற்பாடு. சமதரையில் மேல் கம்பிகள் சும்மா இருக்கும், பல்தண்டவாளம் வந்ததும் அவையும் ஆட ஆரம்பிக்கும். அந்த இரண்டடுக்குக் கம்பிகளைச் சரியாகச் செய்துவிட்டால், பெயின்ட் அடிப்பதற்கு முன்பே இது எந்த வண்டி என்று ஊர் சொல்லிவிடும்.

இன்னொன்று, ஏறும்போது என்ஜின் முன்னால் இழுப்பதில்லை. கீழே நின்று பெட்டிகளைத் தள்ளுகிறது. பெட்டிக்குப் பெட்டி பிரேக்ஸ்மேன் நிற்பார். அந்தக் கொடி பிடித்த ஆட்களை மறக்காமல் வையுங்கள்.

பலகை எதில் செய்வது?

12 மி.மீ. பிளைவுட், தண்ணீர் தாங்கும் ரகம். அடியில் இரண்டு அங்குலத்துக்கு ஓர் அங்குல ரீப்பர்ச் சட்டம், ஒன்றரை அடிக்கு ஒரு குறுக்குச் சட்டம். அறுத்த முனைகளில் எல்லாம் பிரைமர் அடியுங்கள். கரையான் மருந்து தடவாமல் சுவரோரம் வைக்காதீர்கள்.

என் முதல் லேஅவுட்டை மொட்டைமாடி அறையில் ஒரு தை மாதத்தில் போட்டேன். தண்டவாளத் துண்டுகளை இடைவெளி இல்லாமல் நெருக்கிச் சேர்த்தேன். சித்திரை வெயிலில் பலகை காய்ந்து சுருங்கியது, தண்டவாளம் நீண்டது. ஒரு மத்தியானம் போய்ப் பார்த்தால் மெயின் லைன் பாம்பு மாதிரி வளைந்து பலகையை விட்டு எழும்பி நின்றது. அன்றிலிருந்து ஒவ்வொரு மூட்டிலும் ஒரு போஸ்ட்கார்டு கனத்துக்கு இடைவெளி விடுகிறேன்.

வயரிங்: டி.சி.யா, டி.சி.சி.யா?

டி.சி.யில் (சாதாரண நேர்மின்சாரம்) தண்டவாளத்துக்கு 12 வோல்ட் வரை போகும். வோல்ட் கூடினால் வேகம் கூடும். ஒரே என்ஜின், இங்கிள்நூக் மாதிரி சின்ன லேஅவுட் என்றால் இதுவே போதும். டி.சி.சி.யில் (டிஜிட்டல் கட்டுப்பாடு) தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரமும் அதோடு கட்டளையும் ஓடும். ஒவ்வொரு என்ஜினிலும் அந்தக் கட்டளையைப் படிக்கிற ஒரு சின்ன சர்க்யூட், அதாவது டிகோடர், அதற்கு ஒரு எண். கூப்பிட்ட என்ஜின் மட்டும் நகரும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அடிப்படையாக வைத்து, அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்.எம்.ஆர்.ஏ. 1990-களில் இதைப் பொதுத் தரமாக்கியது. அதனால் ஒரு கம்பெனியின் கன்ட்ரோலரில் இன்னொரு கம்பெனியின் டிகோடர் ஓடும். புது டிகோடருக்குப் பொதுவாக எண் 3 இருக்கும். இரண்டு புது என்ஜினை ஒன்றாக லைனில் வைத்தால் இரண்டும் சேர்ந்து கிளம்பும், பயந்துவிடாதீர்கள்.

எதுவானாலும், தண்டவாள மூட்டை நம்பி மின்சாரம் அனுப்பாதீர்கள். பலகைக்கு அடியில் கனமான இரண்டு வயர் ஓடட்டும். அதிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் ஒரு ஜோடி மெல்லிய வயரைச் சால்டரிங் செய்துவிடுங்கள். பாயிண்டில் என்ஜின் நின்று நின்று போகிறது என்ற புகாரில் பெரும்பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

ஜல்லி எப்படிப் போடுவது? ரவை போடலாமா?

ரவை வேண்டவே வேண்டாம். ஒரே ராத்திரியில் எறும்பு வரிசை கட்டும். நிஜ ஜல்லி ஐந்து ஆறு செ.மீ. இருக்கும். எச்.ஓ.வில் அது முக்கால் மி.மீ. கூட இல்லை. கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்ட் ஒரு டப்பா வாங்கி, டீ வடிகட்டியில் சலித்துப் பெரிய கல்லை நீக்குங்கள். அப்புறம் மெல்லிய துணியில் சலித்துத் தூசியை நீக்குங்கள். நடுவில் நிற்பதுதான் உங்கள் ஜல்லி. அதன் மேல் ஒரு காந்தத்தை ஓட்டிப் பார்ப்பது முக்கியம். இரும்புத் துகள் இருந்தால் என்ஜின் மோட்டார் இழுத்துக்கொள்ளும்.

ஸ்லீப்பர்களுக்கு நடுவே கொட்டி, மெல்லிய பிரஷ்ஷால் ஒதுக்குங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு கலந்த தண்ணீரைப் பூப்போல ஸ்பிரே செய்யுங்கள். பிறகு ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, ஊசி சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சோப்புத் தண்ணீர் இல்லாவிட்டால் பசை முத்து முத்தாக நின்று ஜல்லியை உருட்டிவிடும். பாயிண்டின் நகரும் நாக்குப் பக்கம் மட்டும் பசை போகக் கூடாது.

தென்னை மரம்?

கடையில் வரும் பிளாஸ்டிக் தென்னை பெரும்பாலும் கேக் மேல் வைக்கிற தென்னை. பத்து செ.மீ. உயரம் இருக்கும். 18 மீட்டர் மரம் எச்.ஓ.வில் 20 செ.மீ. வர வேண்டும், ஸ்டேஷன் ஓட்டுக் கூரையைவிட நன்றாக உயர்ந்து.

கட்டுக்கம்பி நாலைந்தை முறுக்கித் தண்டு செய்யுங்கள். நேராக விடாதீர்கள், கீழே கொஞ்சம் சாய்ந்து மேலே நிமிரட்டும். மாஸ்கிங் டேப்பை மெல்லிய பட்டையாகக் கிழித்து, ஒன்றின் மேல் ஒன்று சற்றே ஏறும்படி சுற்றினால் மட்டை விழுந்த வளையங்கள் தானாக வரும். சாம்பல் நிறம் அடித்து, காய்வதற்குள் துடைத்து எடுங்கள். கீற்றுக்கு ஐந்தரை செ.மீ. நீளக் காகிதம். நடுவே மடித்து, இரண்டு ஓரமும் சாய்வாக நெருக்கி நறுக்குங்கள். மரத்துக்கு இருபதாவது வேண்டும். நடுக்குருத்து நிமிர்ந்து வெளிர் பச்சையில், நடு அடுக்கு விரிந்து, அடி அடுக்கு தொங்கிப் பழுப்பில். ஒரு காய்ந்த மட்டை தண்டோடு ஒட்டித் தொங்கட்டும். ஒரு மரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆகும். எனக்குப் பிடித்த ஞாயிறுகள் அவை.

வேப்பமரத்துக்குக் காய்ந்த துளசிச் செடியின் தண்டு அருமையான எலும்புக்கூடு. பழைய மெத்தை ஸ்பாஞ்சை வேண்டாத மிக்ஸி ஜாரில் அரைத்து, பச்சை போஸ்டர் கலர் கலந்து உலர்த்தினால் இலை ரெடி.

புது வண்டியில் எதற்காக அழுக்குப் பூசுகிறீர்கள்?

ஓடுகிற வண்டி பளபளப்பாக இருக்காது. ஆனால் அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து பூச வேண்டும். பிரேக் கட்டை தேய்ந்து பறக்கும் இரும்புத் தூள் போகியிலும் (சக்கரங்களைத் தாங்கும் சட்டம்) பெட்டியின் அடி விளிம்பிலும் செம்பழுப்பாகப் படியும். ஜன்னல் மூலையிலிருந்து மழைநீர் வழிந்த கோடுகள். கதவுக் கைப்பிடி மட்டும் கை பட்டுப் பட்டுத் தேய்ந்து மின்னும். டிராயிங் சாக்பீஸை உப்புத்தாளில் தேய்த்துப் பொடியாக்கி, மென்மையான பிரஷ்ஷில் மேலிருந்து கீழாக இழுத்து, மேட் வார்னிஷ் அடித்தால் நிற்கும். பிளாட்பாரத்தில் நின்று ஒரு பெட்டியைப் பத்து நிமிடம் பாருங்கள், அப்புறம் பூசுங்கள்.

கைகாட்டி இறங்குகிற மாதிரி செய்யலாமா?

செய்யலாம். ஒரு சின்ன சர்வோ மோட்டாரும் அதை ஓட்டும் ஆர்டுயினோ என்ற கன்ட்ரோல் போர்டும் போதும். கை சட்டென்று விழக் கூடாது. கம்பி இழுபட்டு இறங்கி, கடைசியில் ஒருமுறை லேசாகத் துள்ளி நிற்க வேண்டும். "கைகாட்டி இறங்கிடுச்சு, வண்டி வருது" என்று சொல்லி வளர்ந்தவர்களுக்கு அந்தத் துள்ளல் தெரியும்.

பராமரிப்பு?

ஃபேன் தூசிதான் பெரிய எதிரி. ஓட்டாத நேரம் நூல் உதிராத துணியால் மூடுங்கள். தண்டவாளத்தை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். உப்புத்தாள் கூடாது, கீறலில் அழுக்கு இன்னும் சேரும். என்ஜினுக்கு எண்ணெய் ஊசிமுனை அளவு.

குழந்தைகள் செய்யலாமா?

தாராளமாக. சால்டரிங் அயனும் பிளேடும் பெரியவர்கள் கையில் இருக்கட்டும். என் மகள் எட்டு வயதில் போட்ட ஜல்லி என்னுடையதைவிடச் சுத்தமாக இருக்கிறது.

எங்கள் ஊர் ஸ்டேஷனை இடித்துவிட்டார்கள். படம்கூட இல்லை. எதை வைத்துச் செய்வது?

எனக்கும் இதே நிலைதான். கேஜ் மாற்றத்தில் எங்கள் ஸ்டேஷன் போய்விட்டது. முதலில் சொந்தக்காரர்கள் வீட்டு ஆல்பங்களைத் தேடினேன். கல்யாணத்துக்கு வந்தவர்களை வழியனுப்பும் படம் ஒன்றில், சித்தப்பா தோளுக்குப் பின்னால் டிக்கெட் கவுன்டரும் பாதிக் கூரையும் இருந்தன. இன்னொன்றில் தண்டவாளம் விழுந்திருந்தது. மீட்டர்கேஜ் தண்டவாளம் படத்தில் இருந்தால் அதுவே அளவுகோல், இரண்டு கம்பிக்கும் நடுவே சரியாக ஒரு மீட்டர். அதை வைத்துப் பிளாட்பார உயரம், கதவு அகலம், தூணுக்குத் தூண் தூரம் எல்லாம் கணக்குப் போட்டேன்.

அப்புறம் மனிதர்கள். எங்கள் ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இரண்டு தெரு தள்ளி இருந்தார். அட்டையில் வெட்டி ஒட்டிய மாதிரியை எடுத்துக்கொண்டு போய், "ஐயா, இது சரியா இருக்கா பாருங்க" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். தண்ணீர்த் தொட்டியைத் தொட்டார். மணி தொங்கின இடத்தைத் தொட்டார், அது மணி அல்ல, ஒரு தண்டவாளத் துண்டு என்றார். பிறகு கூட்ஸ் லைன் பாயிண்டுக்கு விரலைக் கொண்டுபோனார்.

"தம்பி, லீவர் இந்தப் பக்கம் இல்ல. அந்தப் பக்கம், புளியமரத்தடியில. மழை பெஞ்சா நான் அங்கதான் ஒதுங்குவேன்."

புளியமரம் என் மாதிரியிலேயே இல்லை. அன்று ராத்திரி லீவரைப் பிடுங்கி மறுபக்கம் நட்டேன். மரத்துக்குத் துளசித் தண்டு போதவில்லை, கொய்யாக் கிளையின் நுனியை ஒடித்து வந்து காய வைத்தேன்.